மதுரை–துபாய்: தூரம் ஒன்று, நேரம் ஏன் ரெண்டு?

கேள்வி கேட்ட தங்கச்சி துபாயில் இருக்கிறார். அவருடைய வாப்பாவும் உம்மாவும் ராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரையிலிருந்து மதுரை வழியாக முதல் தடவை அங்கே போகிறார்கள். டிக்கெட்டைப் பார்த்த வாப்பாவுக்கு ஒரு சந்தேகம். "பகல் பன்னெண்டு மணிக்கு ஏறினா ரெண்டு நாப்பதுக்கு இறக்கி விட்டுடுறான். திரும்பி வரும்போது மட்டும் சாயந்தரம் நாலு மணிக்கு ஏறினா ராத்திரி ஒம்பதரைக்குத்தான் மதுரையாம். வரும்போது சுத்திக்கிட்டு வாரானா?" என்று கேட்டிருக்கிறார். தூரம் எத்தனை கிலோமீட்டர், ஆகாயத்தில் உண்மையில் எத்தனை மணி நேரம், கால் வீங்குகிற உம்மா மொத்தம் எவ்வளவு நேரம் உட்கார வேண்டியிருக்கும் என்பது தங்கச்சியின் கேள்வி.

முதலில் வாப்பாவுக்குச் சொல்லிவிடுகிறேன். யாரும் சுற்றவில்லை. மதுரை விமான நிலையத்திலிருந்து துபாய் விமான நிலையம் நேராக அளந்தால் ஏறத்தாழ 2,950 கிலோமீட்டர். இங்கே கதவை அடைத்து விமானம் நகர்ந்ததிலிருந்து அங்கே கதவு திறக்கிற வரைக்கும் நாலு மணி நேரம். பத்துப் பதினைந்து நிமிஷம் முன்னே பின்னே இருக்கும். போவதற்கும் அதுதான், வருவதற்கும் கிட்டத்தட்ட அதுதான். அந்தக் "கிட்டத்தட்ட"வில் ஒரு சங்கதி இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். நான் வளைகுடா விமான நிலையம் ஒன்றில் லோடு ஷீட் பிரிவில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவன். எத்தனை ஆள், எத்தனை கிலோ லக்கேஜ், எத்தனை டன் எண்ணெய் என்று கணக்குப் போட்டு விமானியிடம் கையெழுத்து வாங்குகிற வேலை. இப்போது பெரியபட்டினத்தில் தென்னந்தோப்பும் வீடுமாக இருக்கிறேன்.

டிக்கெட்டில் அடிக்கிற நேரம் எப்போதும் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். ஏறுகிற நேரம் மதுரைக் கடிகாரம், இறங்குகிற நேரம் துபாய்க் கடிகாரம். இந்தியா கிரீன்விச்சுக்கு அஞ்சரை மணி நேரம் முன்னால் இருக்கிறது, அமீரகம் நாலு மணி நேரம் முன்னால். ஆக அவர்கள் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். பன்னிரண்டு மணிக்குக் கிளம்பி நாலு மணி பத்து நிமிஷம் பறந்தால் வாப்பாவின் கைக்கடிகாரத்தில் 4.10. அதில் ஒன்றரை மணி நேரத்தைக் கழித்தால் அங்கே சுவரில் தொங்குகிற கடிகாரத்தில் 2.40. திரும்பும்போது நாலு மணி என்பது நமக்கு அஞ்சரை. அதிலிருந்து நாலு மணி நேரம் பறந்தால் ஒன்பதரை. போகும்போது ஒன்றரை மணி நேரம் மிச்சமானது மாதிரித் தெரியும். வரும்போது அதே ஒன்றரையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கடன்தான், லாபம் இல்லை.

இது இன்னும் நன்றாக விளங்க வேண்டுமென்றால் கிழக்கே பாருங்கள். நம் கரையிலிருந்து சபர் (வெளிநாட்டுப் பயணம்) போனவர்கள் மேற்கே மட்டுமா போனார்கள்? பினாங்கு, சிங்கப்பூர் என்று போனவர்கள் வீட்டுக்கு ஒருவர் உண்டு. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,980 கிலோமீட்டர். மதுரையிலிருந்து துபாய் 2,950. முப்பது கிலோமீட்டர்தான் வித்தியாசம். கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் போய் அப்படியே திரும்பி வருகிற தூரம்கூட இல்லை. பறக்கிற நேரமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் சிங்கப்பூர் நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. ராத்திரி ஒரு மணிக்குத் திருச்சியில் ஏறினால் காலை ஏழு நாற்பதுக்கு இறங்கியதாக டிக்கெட் சொல்லும். பார்த்தால் ஆறு மணி நாற்பது நிமிஷம். அங்கிருந்து இரவு ஒன்பதுக்கு ஏறினால் பத்தே முக்காலுக்குத் திருச்சி. பார்த்தால் ஒன்றே முக்கால் மணி நேரம். ஒரே தூரத்துக்கு ரெண்டு நாற்பது, அஞ்சரை, ஆறு நாற்பது, ஒன்றே முக்கால் என்று நாலு விடை. உண்மையான விடை நாலிலும் நாலு மணி சொச்சம்தான். (கொழும்புக்கு இந்தத் தொல்லையே இல்லை. 1996இல் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்தார்கள், 2006இல் நம்முடைய நேரத்துக்கே திரும்பிவிட்டார்கள்.)

ஊர்க் கடிகாரத்தைவிட ஆளைக் கவிழ்ப்பது நள்ளிரவுதான். என் மச்சான் ஒருவருக்கு 15ஆம் தேதி 00.25க்கு விமானம். 15ஆம் தேதி பகல் முழுக்கச் சொந்தக்காரர்கள் வீடுகளுக்குப் போய்ப் பயணம் சொல்லிவிட்டு, ராத்திரி சாப்பாடு முடித்து, நிதானமாகப் போய் நின்றார். அவருடைய விமானம் முந்தின ராத்திரியே போயிருந்தது. 15ஆம் தேதி 00.25 என்றால் 14ஆம் தேதி இஷா (இரவுத் தொழுகை) தொழுதுவிட்டு வீட்டை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். விசா முடிய ரெண்டு நாள் இருந்ததால் தப்பித்தார், ஆனால் டிக்கெட் காசு போனது போனதுதான். வாப்பாவுக்குப் பகல் விமானம் என்பதால் அந்தக் கவலை இல்லை. இருந்தாலும் திரும்பும் டிக்கெட்டில் தேதியை ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள்.

அடுத்து தூரம். கூகுளில் தேடினால் ஓரிடத்தில் 2,950, ஓரிடத்தில் 1,830, இன்னோரிடத்தில் 1,590 என்று வரும். மூன்றும் சரி. முதலாவது கிலோமீட்டர், ரெண்டாவது தரை மைல், மூன்றாவது கடல் மைல். நம் கடற்கரையில் இதைச் சொல்லிப் புரிய வைக்கத் தேவையில்லை. விசைப்படகில் ஜிபிஎஸ் பார்க்கிற எந்த ஆளும் கடல் மைலில்தான் பேசுவார். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். இந்த விநோதமான எண் எங்கிருந்து வந்தது என்றால், பூமியின் அட்சரேகையில் ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் வருகிற ஒரு கலையின் நீளம் அது. விமானிகளும் கப்பல்காரர்களிடமிருந்து அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். வேகத்தையும் நம் படகுக்காரர் மாதிரி நாட் கணக்கில்தான் சொல்வார்கள். ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்.

சீட்டுக்கு முன்னால் உள்ள திரையில் கோடு வளைந்து தெரிவதால் "வளைஞ்சு போறான்" என்று சொல்பவர்கள் உண்டு. உருண்டையான பூமியைத் தட்டையான படத்தில் விரித்தால் நேர்ப் பாதை வளைவாகத்தான் தெரியும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அது உண்மை. ஆனால் நம்முடைய பயணத்துக்கு அந்த விஷயத்தைப் பெரிதாக்குவதில் அர்த்தமில்லை. நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மதுரையிலிருந்து ஒரே திசைமுள்ளைப் பிடித்துக்கொண்டு போனாலும், உருண்டைக் கணக்குப்படி போனாலும் துபாய்க்கு வித்தியாசம் ரெண்டு மூன்று கிலோமீட்டர்தான். அமெரிக்கா மாதிரித் தொலைவுகளில்தான் அது ஆயிரக்கணக்கில் போகும்.

அந்த நேர்க்கோடு எதன் மேல் போகிறது என்று தெரிந்துகொண்டால் வாப்பாவுக்கு ஜன்னலோரத்தில் நேரம் போகும். மதுரையிலிருந்து வடமேற்காகப் பொள்ளாச்சிப் பக்கம், பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி, கோழிக்கோட்டுக்குச் சற்று வடக்கே கரையை விட்டு அரபிக்கடலில் இறங்கும். அப்புறம் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் தண்ணீர்தான். மறுபடி கரை ஏறுவது மஸ்கட் பக்கம். வரைபடத்தில் இழுத்த கோடு இது. விமானம் போவது வான்வழிப் பாதைகளில், ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு என்று. சென்னைக் கட்டுப்பாட்டு அறை மும்பையிடம் ஒப்படைக்கும், மும்பை மஸ்கட்டிடம் ஒப்படைக்கும். அதனால் பறக்கிற தூரம் நேர்த் தூரத்தைவிடக் கொஞ்சம் கூடும். டெல்லியிலிருந்து ஐரோப்பா போகிற இந்தியக் கம்பெனி விமானங்கள் 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்வெளியை அடைத்ததிலிருந்து சுற்றிப்போக வேண்டியதானது. தெற்கேயிருந்து கடல் மேலே போகிற நமக்கு அதனால் ஒன்றும் இல்லை.

சரி, 2,950 கிலோமீட்டரை மணிக்கு 900 என்று வகுத்தால் மூன்றேகால் மணிதானே, நாலு மணி எதற்கு என்று கேட்கலாம். தொள்ளாயிரம் என்பது பெரிய விமானங்களின் வேகம். மதுரையிலிருந்து துபாய் போவதெல்லாம் நடுவில் ஒரே நடைபாதை உள்ள 737, ஏ320 வகை விமானங்கள். மதுரை ஓடுபாதை 2,300 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. பெரிய விமானம் எண்ணெயும் ஆளும் நிரப்பிக்கொண்டு தூர தேசத்துக்கு எழும்ப அது போதாது. இந்தச் சின்ன வகை விமானம் உச்சத்தில் ஒலியின் வேகத்தில் நூற்றுக்கு எழுபத்தெட்டு எழுபத்தொன்பது பங்கு போகும். அந்த உயரத்தின் குளிரில் கணக்குப் போட்டால் மணிக்கு 830 சொச்சம் கிலோமீட்டர், நாட் கணக்கில் சொன்னால் 450.

ஆனால் அந்த வேகம் நடுவில் மட்டும்தான். ஊர்ந்துபோய் ஓடுபாதை முனையில் நிற்பது, இருபது நிமிஷத்துக்கு மேல் ஏறுவது, கிட்டத்தட்ட அதே அளவு இறங்குவது, இறங்கிய பிறகு துபாய் மாதிரி ஓர் ஊர் சைஸ் உள்ள விமான நிலையத்தில் நிறுத்துமிடம் வரை உருண்டு போவது, எல்லாம் டிக்கெட் நேரத்தில் சேர்த்தி. வேலையில் இருந்தபோது நான் வாயாலேயே போட்ட கணக்கு ஒன்று உண்டு. கிலோமீட்டரை 830ஆல் வகுத்துக்கொள், அரை மணி நேரம் சேர். துபாய்க்கு மூன்று மணி முப்பத்து மூன்று நிமிஷம், கூட அரை மணி. நாலு மணி மூன்று நிமிஷம் வருகிறது. மதுரை–கொழும்பு 355 கிலோமீட்டர். வகுத்தால் இருபத்தாறு நிமிஷம், கூட அரை மணி, ஒரு மணிக்கு நாலு நிமிஷம் குறைவு. ரெண்டுமே டிக்கெட்டில் அடித்திருப்பதற்குப் பக்கத்தில் வரும்.

கொழும்புக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ராமேசுவரத்துக்காரர்கள் ஞாபகம்தான் வரும். ராமேசுவரத்திலிருந்து கொழும்பின் கட்டுநாயக்கா விமான நிலையம் நேராக 240 கிலோமீட்டர்தான். ஆனால் அங்கே போக வேண்டியவர் முதலில் எதிர்த்திசையில் மதுரைக்கு நூற்று எழுபது கிலோமீட்டருக்கு மேல் ரோட்டில் போய், அங்கிருந்து 355 கிலோமீட்டர் பறக்க வேண்டும். 1964 புயலுக்கு முன்னால் எழும்பூரில் போட் மெயில் ரயில் ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பல் மாறித் தலைமன்னாரில் இறங்கினார். தூரம் குறைந்த வழியெல்லாம் இப்போது அடைந்து கிடக்கிறது, தூரம் கூடின வழிதான் சீக்கிரமாகப் போகிறது.

இனி அந்தக் "கிட்டத்தட்ட". போவதும் வருவதும் அச்சு அசலாக ஒரே நேரம் ஏன் இல்லை என்றால், காற்று.

நம் கடலில் வள்ளம் எட்டு நாட் வேகத்தில் ஓடுகிறது என்று வையுங்கள். நீவாடு (கடல் நீரோட்டம்) ரெண்டு நாட் பின்னாலிருந்து தள்ளினால் ஜிபிஎஸ் பத்து காட்டும். எதிர்த்தால் ஆறு காட்டும். எஞ்சின் சத்தம் ஒன்றுதான், குடிக்கிற டீசல் ஒன்றுதான், தண்ணீருக்குள் வள்ளத்தின் வேகமும் ஒன்றுதான். தண்ணீரே நகர்ந்துகொண்டிருப்பதால் கரையைப் பொறுத்த வேகம் மாறுகிறது. விமானத்துக்குக் காற்றுதான் நீவாடு. 836 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானத்துக்கு ஐம்பது கிலோமீட்டர் எதிர்காற்று இருந்தால் 2,950 கிலோமீட்டரைக் கடக்க மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும். அதே ஐம்பது முதுகில் தள்ளினால் மூன்று மணி இருபது நிமிஷம். போக வர இருபத்தைந்து நிமிஷம் வித்தியாசம் வந்துவிடுகிறது, பாதையில் ஒரு முழம்கூட மாறாமல்.

எந்த மாதம் எந்தக் காற்று என்பதுதான் எனக்கு இத்தனை வருஷமாகியும் ஆச்சரியம் தீராத விஷயம். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நம் கரையில் ஒவ்வொரு காற்றுக்கும் பெயர் உண்டு. ஐப்பசி கார்த்திகையில் வாடை தொடங்கினால் தை வரைக்கும் வடகிழக்கிலிருந்து அடிக்கும். ஆனி ஆடியில் கச்சானும் சோழகமும் மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் மண்ணை வாரி முகத்தில் அடிக்கும். இதை வைத்து, ஆடி மாதத்தில் துபாய் போகிற விமானம் கச்சானை எதிர்த்துத் திணறும், மார்கழியில் வாடை பின்னால் தள்ளச் சீக்கிரம் போய்ச் சேரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். விமானத் திட்டத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தபோது எல்லாம் தலைகீழாக இருந்தது.

பதினொன்று, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் ஓடுகிற காற்று வேறு. தென்மேற்குப் பருவக்காற்று கீழே அடிக்கிற ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, தென்னிந்தியாவின் தலைக்கு மேலே கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெரிய காற்றாறு ஓடுகிறது. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்று புத்தகத்தில் போடுவார்கள். அதை 1950களில் எடுத்து விளக்கியவர் பி. கோடேஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர். அதன் உச்ச வேகம் விமானம் பறக்கும் மட்டத்துக்கும் மேலேதான் இருக்கிறது. ஆனாலும் பறக்கும் மட்டத்திலேயே அதன் தள்ளுதல் நன்றாகத் தெரியும். மண்டபம் கரையில் கச்சான் ஓலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிற அதே நேரத்தில், மேலே துபாய் விமானத்துக்கு முதல் பாதிப் பயணத்தில் முதுகுக்குப் பின்னால் காற்று. மேல்நீவாடு ஒரு பக்கமும் அடிநீவாடு ஒரு பக்கமும் ஓடி வலையைத் திருகுவதைப் பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் நம்ப முடியாத விஷயமில்லை.

டிசம்பர், ஜனவரியில் கதை மாறுகிறது. அப்போது மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் தாரைக்காற்று ஒன்று அரேபியாவையும் வட இந்தியாவையும் ஒட்டிய அட்சரேகைக்கு இறங்கி வந்துவிடும். துபாய் இருப்பது 25 டிகிரியில், கிட்டத்தட்ட அதன் வாசலில். மதுரையில் ஏறின விமானம் பாதிக் கடல்வரை சும்மா போய், வடக்கே ஏற ஏற எதிர்காற்றுக்குள் நுழையும். திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். எனவே குளிர்காலத்தில் போவது நீளும், வருவது குறுகும். ஆடி மாதத்தில் அந்த வித்தியாசம் சுருங்கிப் போய், சில நாள் போகிற பயணமே குறைந்த நேரமாகவும் அமையும். விமானக் கம்பெனிகள் மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து கோடைக் கால அட்டவணை, அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து குளிர்கால அட்டவணை என்று வருஷத்துக்கு ரெண்டு போடும்போது பயண நேரத்தில் இந்தக் காற்றையும் கணக்கில் சேர்ப்பார்கள்.

காற்றுக்காகத் தூரத்தையே விட்டுக்கொடுத்த கதை ஒன்றும் இருக்கிறது. ஏர் இந்தியாவின் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானம் முதலில் அட்லாண்டிக் பக்கமாக ஏறக்குறைய 13,900 கிலோமீட்டர் போய்க்கொண்டிருந்தது. 2016 அக்டோபரில் பாதையை மாற்றி, கிழக்கே திரும்பி, பசிபிக் மேலே விட்டார்கள். தூரம் 15,300 கிலோமீட்டர். ஆயிரத்து நானூறு கூடுதல். ஆனால் பயண நேரம் ரெண்டு மணியளவு குறைந்தது, வழி நெடுக மேற்கிலிருந்து காற்று தள்ளியதால். "எத்தனை கிலோமீட்டர்?" என்று மட்டும் கேட்டுவிட்டு நேரத்தைக் கணக்குப் போடுகிறவர்களிடம் நான் இந்த ஒன்றைத்தான் சொல்வேன்.

கீழ்க்காற்றுக்கு வேலையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். விமானம் பெரும்பாலும் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். மதுரை ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. கச்சான் காலத்தில் மேற்கே பார்த்து ஓடி எழும்பினால் துபாய்ப் பக்கம் முகம் இருக்கும், அப்படியே போய்விடலாம். கிழக்குக் காற்று அடிக்கிற நாளில் கிழக்கே பார்த்துத்தான் எழும்ப வேண்டும். அதாவது துபாய் போகிற விமானம் முதலில் நம்ம ஊரைப் பார்த்து ஓடி, எழும்பி, அப்புறம் திரும்பும். அதில் சில நிமிஷம் போகும். வாப்பா மறுபடி "சுத்துறான்" என்பார். அந்த ஒரு தடவை மட்டும் அவர் சொல்வது சரி.

உயரத்தைத் திரையில் பார்த்தால் மேற்கே போகும்போது 34,000 அடி, 36,000 அடி என்று இரட்டைப்படையாக இருக்கும். கிழக்கே வரும்போது 35,000, 37,000 என்று ஒற்றைப்படை. எதிரெதிரே வருகிறவர்கள் ஒரே மட்டத்தில் சந்திக்காமல் இருக்க ஏற்பாடு. நம்ம ரோட்டில் இந்த ஒழுங்கு இருந்தால் நன்றாக இருக்கும்.

ஏனென்றால் உம்மாவைப் பற்றிய கேள்விக்கு விடை ஆகாயத்தில் இல்லை, ரோட்டில் இருக்கிறது. கீழக்கரையிலிருந்து மதுரை விமான நிலையம் சுமார் 130 கிலோமீட்டர். ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை, திருப்புவனம். பரமக்குடியிலிருந்து மதுரை நாலு வழிச்சாலை என்பதால் ஓடிவிடலாம். ராமநாதபுரம்–பரமக்குடித் துண்டுதான் ரெண்டு வழி. அதையும் நாலு வழியாக்க 2025 ஜூலையில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. அதுவரைக்கும் வீட்டு வாசலிலிருந்து மூன்று மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய் நிற்க வேண்டும். பறப்பது நாலு மணி. அங்கே இமிகிரேஷன், லக்கேஜ் என்று ஒன்று ஒன்றரை மணி. மொத்தம் பதினோரு மணி நேரத்துக்குக் குறையாது. 2,950 கிலோமீட்டருக்கு நாலு மணி, 130 கிலோமீட்டருக்கு மூன்று மணி. கிலோமீட்டர் கணக்கு எந்த அளவுக்கு நம்மைக் கைவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

டிக்கெட் விலை குறைவு என்று திருச்சியைப் பார்க்கிறவர்கள் உண்டு. தேவிபட்டினம், தேவகோட்டை, காரைக்குடி, புதுக்கோட்டை என்று போனால் நாலரை மணி நேரமாவது வைக்க வேண்டும். கார் வாடகையைச் சேர்த்துப் பார்த்தால் பல நேரம் மிச்சம் ஒன்றும் இருக்காது. தொண்டிப் பக்கத்தவர்களுக்குத் திருச்சி சரி. சாயல்குடி, மூக்கையூர்க்காரர்களுக்குத் தூத்துக்குடி வாகைக்குளம்தான் பக்கம். அங்கே 2025இல் புது முனையமும் திறந்தார்கள், ஆனால் இருப்பதெல்லாம் உள்நாட்டு விமானங்கள், வளைகுடா போகச் சென்னை மாதிரி வேறு ஊரில் மாறித்தான் போக வேண்டும். நம் மாவட்டத்துக்குள்ளேயே உச்சிப்புளியில் 2009லிருந்து ஐஎன்எஸ் பருந்து இருக்கிறது. கடற்படைத் தளம். தலைக்கு மேலே விமானம் பறக்கிறது, ஏறத்தான் முடியாது. ராமேசுவரத்தில் விமான நிலையம் என்று 2025 மாநில பட்ஜெட்டில் அறிவித்தார்கள். வரட்டும், பார்க்கலாம்.

தங்கச்சி கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நோன்பு மாதத்தில் எல்லாரும் கேட்பதால். பகல் விமானத்தில் மேற்கே போனால் சூரியனைத் துரத்திக்கொண்டு போகிறோம். மதுரைக்கும் துபாய்க்கும் தீர்க்கரேகை வித்தியாசம் 22.7 டிகிரி. டிகிரிக்கு நாலு நிமிஷம் என்றால் 91 நிமிஷம். கடிகார வித்தியாசமும் தொண்ணூறு நிமிஷம்தான், அழகாகப் பொருந்திப் போகிறது. ஆகவே இங்கே சஹர் (விடியலுக்கு முந்தின நோன்புச் சாப்பாடு) செய்தவருக்கு அங்கே நோன்பு திறக்க ஏறக்குறைய அந்த ஒன்றரை மணி நேரம் கூடும், திரும்பி வருகிறவருக்குக் குறையும். பறக்கும்போதே மஃரிப் (சூரியன் மறைகிற நேரம்) ஆனால் இன்னொரு விஷயம்: பதினொரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்ப்பவருக்குச் சூரியன் கீழே இருப்பவரைவிட ஏறத்தாழ கால் மணி நேரம் பிந்தித்தான் மறையும். எதைக் கணக்கில் எடுப்பது என்பதை உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது என் லோடு ஷீட்டில் வராது.

உம்மாவின் காலுக்கு வருவோம். நாலு மணி நேரமும் அதற்கு மேலும் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ ரெண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. விமானத்துக்கு மட்டுமில்லை, கார், பஸ், ரயிலுக்கும் அதுதான். எனவே காரில் மூன்று மணி நேரத்தையும் சேர்த்துக்கொண்டு யோசியுங்கள். பரமக்குடியில் ஒரு தடவை, மானாமதுரை தாண்டி ஒரு தடவை காரை நிறுத்தி நடக்கவிடுங்கள். விமானத்தில் நடைபாதை ஓரத்துச் சீட்டு உம்மாவுக்கு. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கட்டும், தண்ணீர் குடிக்கட்டும். கழிப்பறைக்குப் பயந்துகொண்டு தண்ணீரைக் குறைப்பதுதான் நம் ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு. ஏற்கெனவே கால் வீக்கம் இருப்பதால் கிளம்புவதற்கு முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. வீல்சேரை இப்போதே டிக்கெட்டோடு சேர்த்துப் பதிந்துவிடுங்கள். துபாயில் விமானத்திலிருந்து இமிகிரேஷனுக்கு நடக்கிற தூரம் கீழக்கரைக் கடைத்தெருவைவிட நீளம்.

வாப்பாவுக்கு ஜன்னல், வலது பக்கம். மத்தியானத்துக்கு மேல் மேற்கே போகிற விமானத்தில் வெயில் இடது பக்கம்தான் அடிக்கும்.

கூட்டிப்போக வருகிற நீங்கள் இறங்கும் நேரத்தை 2.40 என்று பார்த்துவிட்டு ரெண்டு மணிக்கே வந்து நிற்க வேண்டாம். விமானம் நிற்பது ஒன்று, வாப்பா தள்ளுவண்டியோடு வெளியே வருவது இன்னொன்று. துபாயில் விமான நிலையமும் ரெண்டு. ஜெபல் அலிப் பக்கத்து அல் மக்தூம் நிலையத்துக்கும் பழைய நிலையத்துக்கும் ரோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். டிக்கெட்டில் டிஎக்ஸ்பி (பழைய நிலையம்) என்று இருக்கிறதா, டிடபிள்யூசி (அல் மக்தூம்) என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மதுரையில் விமானம் கிளம்பியதும் உங்கள் காக்காவை (அண்ணனை) போன் பண்ணிச் சொல்லச் சொல்லுங்கள், அந்த நேரத்திலிருந்து அஞ்சு மணி நேரம் கழித்து நீங்கள் வாசலில் நின்றால் போதும்.